பின்பலகையில் ஒரு துளை

"கரையில நிக்கிற படகு, தண்ணியில நிக்கிற படகைவிட…" என்று ஆரம்பித்து இஞ்ஞாசியின் பெரியப்பா ஏதோ ஒன்று சொல்வார். மீதி அவனுக்கு ஞாபகம் இல்லை. பெரியப்பா எப்போதும் வெற்றிலை மென்றுகொண்டே பேசுகிறவர். முக்கியமான இடம் வரும்போது துப்புவதற்கு எழுந்து போய்விடுவார்.

இஞ்ஞாசி அந்த மீதியை யோசித்துப் பார்த்தான். அவன் முன்னால், வீட்டு முற்றத்து மணலில், கட்டைகள்மேல் ஏற்றி வைத்த இருபத்திரண்டு அடி ஃபைபர் படகு நின்றது.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கரை ஊர். இஞ்ஞாசி குவைத்தில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் இருபத்து மூன்று வருடம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவன். நாற்பத்தெட்டாவது வயதில், இனி ஆள் தேவையில்லை என்று அவனுக்கே ஒரு கடிதம் கொடுத்தார்கள். ஊருக்கு வந்தான். அவன் கடைசியாகக் கடலுக்குப் போனது இருபது வயதில்.

படகு பழையது. பத்து வருடம் கடலில் ஓடி, மூன்று வருடம் யாருடைய தோட்டத்திலோ கிடந்தது. எஞ்சினையும் சேர்த்தே விற்றார்கள். சரிசெய்து தூண்டில் தொழிலுக்குப் போகலாம் என்பது இஞ்ஞாசியின் எண்ணம். கொண்டுவந்த பணத்தில் பாதி அதை வாங்குவதிலேயே போயிற்று. மீதிப் பாதிக்கு அவன் மனைவி ரெஜினாள் காவல். அரிசி, கரண்டு பில், மாமியாரின் மருந்து எல்லாம் போக, படகுக்கு மாதம் நாலாயிரம் என்றாள். அதற்குமேல் கேட்டால் அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

"ஃபைபர் வேலைக்கு ஆள் வச்சா கூலி கட்டாது," என்றான் இஞ்ஞாசி.

"அப்ப நீங்களே படிச்சுக்கிடுங்க. இங்கிலீஷ்லயே அவ்வளவு படிச்சீங்க. இது தமிழ்லதான இருக்கும்."

அப்படித்தான் அவன் பிரகாசியிடம் போனான்.

பிரகாசிக்கு முப்பத்தாறு வயது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஃபைபர் படகு கட்டும் பட்டறையில் பதினாலு வருடமாக வேலை. இஞ்ஞாசி போனபோது அவள், சேலைமேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டு, முகத்தில் துண்டு கட்டி, ஒரு படகின் வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கூலி கொடுக்க முடியாது. சொல்லிக் கொடுங்க. செய்றது நான் செய்யுதேன்," என்றான்.

"எனக்கு என்ன லாபம்?"

"இங்கிலீஷ்ல பேப்பர் எதுவும் வந்தா எழுதித் தாரேன்."

அவள் துண்டை அவிழ்த்தாள். நல வாரியத்துக்கு ஒன்று, வங்கிக்கு மூன்று என்று நாலு படிவம் அவள் பையில் மூன்று மாதமாகக் கிடந்தன.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வாரேன். ஒரு மணி நேரம்."

"வாத்தியாருன்னு கூப்பிடவா?"

"பேரைச் சொல்லியே கூப்பிடுங்க அண்ணே. வாத்தியாருன்னா பீஸ் கூடும்."

முதல் ஞாயிறு, ஃபைபருக்குப் பூசுகிற பசையான ரெசினைக் கலக்கினார்கள். இஞ்ஞாசி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவில் இருந்ததை முழுவதும் படித்தான்.

"கலந்த பிறகு இருபத்தஞ்சு நிமிஷம் இருக்குன்னு போட்டிருக்கு."

"டப்பாவுல எழுதினவன் ஊருல என்ன வெயிலோ," என்றாள் பிரகாசி.

அவன் நிதானமாகத்தான் பூசினான். ஒன்பதாவது நிமிடத்தில், கலக்கிய பிளாஸ்டிக் மக்கிலிருந்து புகை வந்தது. பத்தாவது நிமிடத்தில் உள்ளே இருந்தது கல்லாகிவிட்டது. பிரகாசி பிரஷ்ஷைப் பிடித்துத் தூக்கினாள். மக்கும் கூடவே வந்தது.

அடுத்த வாரம் அவன் வேறு தவறு செய்தான். ரெசினை உறையவைக்கிற ஹார்ட்னர் விலை அதிகம். ஒரு மூடிக்கு அரை மூடி ஊற்றினால் என்ன, மெதுவாக உறையும், அவ்வளவுதானே என்று நினைத்தான். மூன்று நாளாகியும் உறையவில்லை. நாலாம் நாள் பக்கத்து வீட்டுப் பூனை அதன்மேல் நடந்துபோனது. பாதம் பதிந்த இடமெல்லாம் ரோமம்.

"சுரண்டுங்க," என்றாள் பிரகாசி.

"எல்லாத்தையுமா?"

"பூனை நடந்த இடம் மட்டும் போதும்னா நான் சொல்ல மாட்டேனா?"

எல்லாவற்றையும் சுரண்டினான். இரண்டு நாள் ஆயிற்று.

இப்படி ஏழு மாதம். கண்ணாடி நார் ஏறிக் கை அரித்தது. அவன் சட்டைகளை ரெஜினாள் வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனி வாளியில் ஊற வைத்தாள். ஆனால் படகின் இரண்டு பக்கமும் வழவழவென்று ஆகிவிட்டன. எஞ்சினையும் அவனே பிரித்துத் துடைத்துப் பூட்டியிருந்தான். மரச்சட்டத்தில் தொங்கவிட்டு, அதன் காலைத் தண்ணீர் டிரம்முக்குள் விட்டு, கயிற்றை இழுத்தால் இரண்டாவது இழுப்பில் எடுத்துவிடும். சாயங்காலம் ஐந்து நிமிடம் ஓடவிடுவான். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டார்கள்.

"உங்க மூத்த பிள்ளை சத்தம் போடுது, போய்ப் பாருங்க," என்பாள் ரெஜினாள்.

அவள் தம்பி தொம்மைக்குத்தான் அதில் எல்லாரையும்விடச் சந்தோஷம். அவனுக்கு இருபத்தொன்பது வயது. சின்ன வயதிலிருந்தே மரத்தில் கட்டிய பெரிய விசைப்படகுகளில் கூலிக்குப் போகிறவன். யார் எந்தப் படகில் என்று மாதா திருவிழாவுக்குள் பேசி முடித்துவிடுவது அந்தக் கரை வழக்கம். திருவிழாக் கொடி இறங்கிய பிறகு எந்த முதலாளியும் புது ஆள் சேர்ப்பதில்லை. அடுத்த வருடம்தான். தொம்மை தன் முதலாளியிடம், "இந்தத் தடவை எங்க அத்தான்கூடப் போறேன்" என்று சொல்லியிருந்தான். திருவிழா வரைக்கும் உன் இடம் இருக்கும், யோசித்துக்கொள் என்றார் அவர். யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் தொம்மை இருந்தான். சாயங்காலங்களில் முற்றத்துப் படகில் ஏறி உட்கார்ந்து சோறு சாப்பிட்டான்.

திருவிழாவுக்குப் பதினாறு நாள் இருந்தது. அந்த ஞாயிறு பிரகாசி ஸ்குரூ டிரைவரின் பிடியால் படகைத் தட்டிக்கொண்டே சுற்றி வந்தாள். ணங், ணங் என்று முனையிலிருந்து பக்கவாட்டு முழுவதும் ஒரே சத்தம். பின்பக்கம் வந்ததும் நின்றாள்.

எஞ்சின் மாட்டுகிற பின்பலகை அது. வெளியே பார்த்தால் ஃபைபர். உள்ளே கனத்த மரப்பலகை. எஞ்சின் தள்ளுகிற தள்ளு முழுவதும் அதன்மேல்தான்.

"கேட்டீங்களா?"

"என்னத்தை?"

"கண்ணை மூடுங்க."

மூடினான். பக்கவாட்டில் ஒன்று தட்டினாள். பின்பலகையில் ஒன்று தட்டினாள். மறுபடியும் அப்படியே.

"இது அமுங்கிக் கேக்குது. தொப்புன்னு," என்றான்.

"உள்ள மரம் உளுத்திருக்கு. அறுக்கணும்."

"எவ்வளவு?"

"சத்தம் மாறுற வரைக்கும்."

ஸ்குரூ டிரைவரை வாங்கி இஞ்ஞாசியே தட்டிப் பார்த்தான். நடுவில், இடது மூலையில், வலது மூலையில். எங்கும் மாறவில்லை.

புதுப் பலகை, கண்ணாடி நார் மேட், ரெசின் என்று மனதுக்குள் கூட்டினான். ரெஜினாள் தருகிற நாலாயிரத்தில் அது பத்து மாதத்துச் சமாச்சாரம்.

"மேல ரெண்டு மேட் ஒட்டிட்டா நிக்காதா?"

பிரகாசி அவனிடம் டிரில் கேட்டாள். படகுக்குள் இறங்கி, பின்பலகையின் அடியில் விரல் கனத்துக்கு ஒரு துளை போட்டாள். கம்பியை வெளியே எடுத்ததும் துளையிலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் சொட்டியது. தேயிலைத் தண்ணி மாதிரி இருந்தது. வாடை மட்டும் வேறு. ஒரு பால் பவுடர் டப்பாவை அடியில் வைத்தாள்.

"இது கடலைப் பாத்து நாலு வருஷம் ஆவப்போவுது," என்றான் இஞ்ஞாசி. "எங்கேருந்து தண்ணி?"

"டப்பா நிறைஞ்சா கொட்டிட்டு மறுபடி வைங்க."

எழுதி வைத்திருந்த படிவத்தை வாங்கிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

திங்கட்கிழமை டப்பா நிறைந்தது. செவ்வாய்க்கிழமையும் நிறைந்தது. புதன்கிழமை ரெஜினாள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன, படகுக்குச் சளி பிடிச்சிருக்கா?"

"மழைத் தண்ணி தங்கியிருக்கு. ஒண்ணுமில்ல."

பங்குனிக்குப் பிறகு ஊரில் மழை இல்லை. ரெஜினாள் அவனை ஒரு தடவை பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை டப்பாவில் கால்வாசிதான் இருந்தது. அன்று இஞ்ஞாசி டப்பாவை எடுத்துவிட்டான். துளையைப் பட்டி வைத்து அடைத்தான். தேய்த்தான். பின்பலகை முழுவதுக்கும் இரண்டு மேட் ஒட்டினான். காலையில், வெயில் ஏறுவதற்கு முன், ஹார்ட்னர் அளவு தப்பாமல், காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல். ஏழு மாதத்தில் அவன் செய்த வேலைகளிலேயே அதுதான் சுத்தமானது. சனிக்கிழமை நீலப் பெயின்ட் அடித்தான்.

தொம்மை பின்பக்கம் வந்து நின்று இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டான்.

"அத்தான், கம்பெனிப் படகுல்லா இது! அந்தக் குவைத்காரனுவ உங்களை விட்டது நமக்கு நல்லதாப் போச்சு."

ஞாயிறு. திருவிழாவுக்கு ஒன்பது நாள்.

பிரகாசி பின்பலகையை உள்ளங்கையால் தடவினாள். குனிந்து அடியில் பார்த்தாள்.

"எங்க துளை போட்டேன்னு எனக்கே தெரியல. நல்லாக் கத்துக்கிட்டீங்க."

இஞ்ஞாசிக்கு ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது.

"தண்ணி நின்னுட்டா?" என்று கேட்டாள்.

"குறைஞ்சுது."

"நின்னுட்டா?"

அவன் எஞ்சின் இருந்த பக்கம் பார்த்தான்.

ரெஜினாள் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மீன் கழுவப் போனாள். பிரகாசி ஒரு கட்டைமேல் உட்கார்ந்து குடித்தாள். தொம்மை தெருவில் யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

"எஞ்சினை மாட்டலாமா?" என்றான் இஞ்ஞாசி.

"மாட்டலாம்."

அவன் இதை எதிர்பார்க்கவில்லை.

"நிஜமாத்தான் சொல்லுதீங்களா?"

"நாலு போல்ட்டு. அரை மணி நேர வேலை. நின்னுக்கிடும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"அது எனக்குத் தெரியாது. ஒரு மாசமும் நிக்கும், ஒரு வருஷமும் நிக்கும். பிச்சுக்கிட்டுப் போற அன்னைக்குக் கரையிலேருந்து எவ்வளவு தூரத்துல இருப்பீங்கன்னும் எனக்குத் தெரியாது."

இஞ்ஞாசி அவளுக்கு எதிரே மணலில் உட்கார்ந்தான்.

"இப்ப அறுத்தா இந்த வருஷம் தொழில் கிடையாது. பலகை வாங்கணும்னா எஞ்சினைத்தான் விக்கணும். எஞ்சினை வித்த பிறகு இதை வச்சுக்கிட்டு என்ன செய்ய? பிள்ளைங்க ஏறி விளையாடவா? தொம்மை வேற வேலையை விட்டுட்டு வாரான். ரெஜினாகிட்ட மழைத் தண்ணின்னு சொல்லிட்டேன்."

"இவ்வளவையும் என்கிட்ட ஏன் சொல்லுதீங்க?"

"வேற யாருகிட்ட சொல்லுவேன்?"

பிரகாசி கிளாஸைக் கீழே வைத்தாள். பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து, பிடி அவன் பக்கம் இருக்கும்படி நீட்டினாள்.

"தொம்மையைக் கூப்பிடுங்க. அவன் முன்னால நீங்களே தட்டிக் காட்டுங்க. பக்கத்துல ஒண்ணு, பின்பலகையில ஒண்ணு. அவன் சரின்னு சொன்னா நானே போல்ட்டுப் போட்டுத் தாரேன்."

இஞ்ஞாசி அதை வாங்கிக்கொண்டான். எழுந்து பின்பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றான். தெருவில் தொம்மை சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அவன் மரப்படகுக்காரன், பிரகாசி. ஃபைபர் சத்தம் அவனுக்குப் பிடிபடாது. ரெண்டும் ஒண்ணுபோலத்தான் கேக்கும்."

"ஆமா. அவனுக்குப் பிடிபடாது."

"அத்தான் சொன்னா சரிதான்ம்பான்."

"ஆமா. அப்படித்தான் சொல்லுவான்."

"பின்ன, அவனுக்குத் தட்டிக் காட்டி என்ன ஆவப்போவுது?"

"தட்டுறது நீங்கல்லா அண்ணே. உங்களுக்குக் கேக்கும்லா," என்றாள் பிரகாசி.

அன்று மத்தியானம் இஞ்ஞாசி தொம்மையைப் பழைய முதலாளியின் படகிலேயே இருந்துகொள்ளச் சொன்னான். புதன்கிழமை எஞ்சினை விற்றுப் பலகை வாங்கினான்.