எண்ணெய் குடிக்கிற பந்து

மேட்டுக்கழனியில் புத்திசாலிகளே இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. இருக்கிறார்கள். ஊரைவிட்டுப் போக பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள்.

போகாமல் ஊரிலேயே தங்கிவிட்டவர்களில் ஒருவர் தையற்கடை ஏகாம்பரம். கழுத்தில் எப்போதும் இன்ச் டேப், மூக்குக்குக் கீழே எப்போதும் மீசை. லேசுப்பட்ட மீசையா அது! அவர் தெருமுனை திரும்புவதற்குக் கொஞ்சம் முன்னால் அது திரும்பும்.

அந்த மீசையைத்தான் அவர் ஒரு காதுகுத்துப் பந்தியில் பணயம் வைத்துவிட்டு வந்தார். பக்கத்து இலையில் மனைவியின் அண்ணன் பொன்னுரங்கம். பூவலூர்க்காரர். பைபாஸ் ரோட்டில் புதிதாகத் திறந்த பௌலிங் கூடத்தில், ஒரே உருட்டில் பத்துக் கட்டையையும் சாய்த்த கதையை அவர் சாம்பாரில் ஆரம்பித்து மோருக்கு வந்தும் முடிக்கவில்லை. ஏகாம்பரத்துக்குப் பாயசம் இறங்கவில்லை.

“நானும் உருட்டுவேன் மச்சான்.”

“உருட்டுங்க மாப்பிள்ளை. வர்ற ஞாயித்துக்கிழமை மோதுவோம். தோத்த கட்சித் தலைவர் மீசையை எடுத்துடணும்.”

“எடுத்துடணும்,” என்று சபை முன்னால் சொல்லிவிட்டார் ஏகாம்பரம். அது பந்து விளையாட்டு என்பதே வீட்டுக்கு வந்து மனைவி சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் தன் கட்சியைத் திரட்டினார். வாடகைப் பாத்திரக்கடை குஞ்சிதபாதம், செக்கெண்ணெய்க் கடை நல்லசிவம். இரண்டு பேரும் யோசிக்காமல் வந்துவிட்டார்கள். அவர்கள் எதையுமே யோசித்துச் செய்வதில்லை.

பௌலிங் கூடத்தின் மேனேஜர் பியூலா பொறுமைசாலி. நிற்கவைத்துப் பாடமே நடத்தினார்.

“பாதையில எண்ணெய் பூசியிருக்கோம் சார். எண்ணெய் அதிகமா இருந்தா பந்து வழுக்கிட்டே போயிடும். அதுக்கு இந்தச் சொரசொரப்பான கறுப்புப் பந்து. இது எண்ணெயைக் குடிக்கும், தரையைப் பிடிச்சுக்கிட்டுக் கடைசியில வளைஞ்சு கட்டைமேல மோதும். எண்ணெய் கம்மியா இருந்தா இதே பந்து கண்டபடி வளைஞ்சு ஓரக் கால்வாயில விழுந்துடும். அப்போ பாலிஷ் போட்ட இந்தச் சிவப்புப் பந்து. அது நேராப் போகும். எதுவானாலும் முதல்ல நீங்க பாதையைப் படிக்கக் கத்துக்கணும்.”

அதற்குள் போன் அடிக்க, பியூலா உள்ளே போனார். மூவரும் மண்டியிட்டுப் படிக்க ஆரம்பித்தார்கள்.

“எழுத்தே இல்லையே,” என்றார் ஏகாம்பரம்.

“அம்புக்குறி இருக்கு. எல்லாம் அந்தப் பக்கமே காட்டுது,” என்றார் குஞ்சிதபாதம்.

“அப்போ ஒன்வே. போன பந்து திரும்பி வராது,” என்றார் நல்லசிவம்.

சோதித்துப் பார்க்க ஒரு பந்தை உருட்டினார்கள். அது போய், கொஞ்ச நேரத்தில் தரைக்கு அடியிலிருந்து அவர்கள் பக்கத்திலேயே எழுந்து வந்தது. மூவரும் எழுந்து நின்று மரியாதை செய்தார்கள். சட்டம் தெரிந்த பந்து. சப்வே வழியாக வந்திருக்கிறது.

எதற்கும் இருக்கட்டும் என்று கறுப்பு, சிவப்பு இரண்டையும் விலைக்கு வாங்கிக்கொண்டு நல்லசிவம் கடைக்கு வந்தார்கள். கறுப்புப் பந்தை மேசைமேல் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள். அதில் மூன்று ஓட்டைகள் இருந்தன.

“பெரிசு வாய். மத்த ரெண்டும் மூக்கு,” என்றார் நல்லசிவம்.

“கண்?”

“கண் இருந்தா ஏன்யா கால்வாயில விழுது?”

இது மறுக்க முடியாத வாதமாக இருந்தது.

“ஆட்டத்தன்னைக்குத்தான் முதன்முதலா எண்ணெய் குடிச்சா அதுக்கு ஒத்துக்காது. இப்பவே பழக்கணும்,” என்ற நல்லசிவம், வாயில் ஒரு கரண்டி நல்லெண்ணெயும் இரண்டு மூக்கிலும் ஒவ்வொரு சொட்டும் விட்டார். அப்புறம் மனசு கேட்காமல் மேலெல்லாம் தடவினார். பந்து வேண்டாம் என்று சொல்லாததால் தினமும் விட்டார், தினமும் தடவினார்.

வெள்ளிக்கிழமை பயிற்சிக்குப் போனபோது ஏகாம்பரம் கறுப்புப் பந்தைத் தூக்கினார். அது அவர் கையிலிருந்து பின்பக்கமாக வழுக்கி, காபி குடித்துக்கொண்டிருந்த ஒருவரின் நாற்காலிக்கு அடியில் போய் நின்றது. பியூலா வந்து தொட்டுப் பார்த்தார்.

“என்ன சார், இவ்வளவு எண்ணெய் குடிச்சிருக்கு! லேசான வெந்நீர்ல சோப்புப் போட்டு ஊறவச்சு நல்லாத் தொடைச்சிடுங்க. சரியாயிடும்.”

எண்ணெய், வெந்நீர், மறுநாள் சனிக்கிழமை. மூவருக்கும் விஷயம் பளிச்சென்று விளங்கியது. குஞ்சிதபாதம் கல்யாண அண்டா ஒன்றைக் கொண்டுவந்து வெந்நீர் போட்டார். சோப்பு தோலுக்கு ஆகாது என்று சீயக்காய் தேய்த்து, பந்தைத் தலைமுழுகவைத்தார்கள். ரசத்துக்கு மிளகு கூட வறுத்தாகிவிட்டது. நல்லவேளை, பந்துக்குப் பசியில்லை என்று முடிவானது.

“எண்ணெய் தேச்சுக் குளிச்ச அன்னைக்குப் பகல்ல தூங்கக் கூடாதே,” என்றார் ஏகாம்பரம் திடீரென்று. மூவரும் பந்தைப் பார்த்தார்கள். அது அசையாமல் கிடந்தது.

“தூங்குது!”

பதறிப்போய் அதைத் தெருவில் இறக்கி, மாறிமாறி உருட்டினார்கள். சாயங்காலம்வரை உருட்டினார்கள். ஏகாம்பரம் நடுவில் குஞ்சிதபாதத்தின் அண்டாவுக்குள் சாய்ந்து தூங்கிவிட்டார். பந்து தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்தைத் தூக்கினால், ஓட்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“போச்சு. மூக்கு ஒழுகுது,” என்றார் நல்லசிவம். ஏகாம்பரம் தன் மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார். கட்சியிலேயே கெட்டிக்கார ஆள் படுத்துவிட்டதே!

கூடத்தில் பொன்னுரங்கமும் பூவலூர்க்காரர்களும் தயாராக நின்றார்கள். பியூலா சொன்னார்: “இன்னைக்கு எண்ணெய் ஜாஸ்தி. கறுப்புப் பந்தை எடுங்க.”

“அதுக்கு ஜலதோஷம் மேடம்.”

பியூலாவுக்கு இவர்கள் பேச்சு பழகிவிட்டிருந்தது. “அப்போ ஓய்வு எடுக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு, பொன்னுரங்கத்தின் பெரிய பாதத்துக்கு ஷூ தேட உள்ளே போனார்.

இருப்பது சிவப்புப் பந்து. அதற்கு எண்ணெய் ஆகாது. பாதையெல்லாம் எண்ணெய். மூவரும் தலையோடு தலை வைத்து யோசித்தார்கள்.

“பஜ்ஜியில எண்ணெய் ஜாஸ்தியானா என்ன பண்ணுவோம்?” என்று கேட்டார் குஞ்சிதபாதம்.

அவ்வளவுதான். காத்திருப்போர் பக்கம் கிடந்த பழைய பேப்பரையெல்லாம் அள்ளிவந்து பாதை நெடுக விரித்து, மேலே மிதித்து ஒற்றினார்கள். ஒற்றும்போது ஏகாம்பரம் குனிந்து பார்த்து நெகிழ்ந்துபோனார்.

“எழுத்து தெரியுதுய்யா! மேடம் சொன்னது இதைத்தான்!”

மூவரும் மண்டியிட்டுப் பாதையைப் படித்தார்கள். பொன்னுரங்கமும் ஓரத்தில் குனிந்து தன் ராசிக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தார். எதிர்பாராத திருப்பம் என்று போட்டிருந்தது. பியூலா வருவதற்குள் பேப்பரை மடித்து எடுத்துவிட்டார்கள்.

ஆட்டம் ஆரம்பித்தது. பொன்னுரங்கம் எண்ணெய் குடிக்கிற தன் பந்தை வீசினார். குடிக்க எண்ணெய் இல்லாமல் அது பாதி வழியிலேயே வளைந்து கால்வாயில் விழுந்தது. மறுபடி வீசினார். மறுபடி விழுந்தது.

ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டு சிவப்புப் பந்தை விட்டார். அது நேராகப் போய்ப் பத்துக் கட்டையையும் படாரென்று சாய்த்தது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். ஏகாம்பரம் பூரித்துப்போய் மேலே திரையைப் பார்த்தார். அவர் பெயருக்கு நேராகப் பெரிதாக ஒரு பெருக்கல் குறி விழுந்திருந்தது.

“தப்பு போட்டுட்டாங்க,” என்றார் நல்லசிவம் மெதுவாக.

ஏகாம்பரத்துக்கு நான்காம் வகுப்புக் கணக்குப் பரீட்சை ஞாபகத்துக்கு வந்து முகம் சுருங்கியது. அடுத்த தடவை இன்னும் கவனமாக உருட்டினார். மறுபடி பத்துக் கட்டை, மறுபடி தப்பு. குஞ்சிதபாதம் உருட்டினாலும் தப்பு, நல்லசிவம் உருட்டினாலும் தப்பு. பொன்னுரங்கத்தின் பெயருக்கு நேராகவோ ஒரு தப்பும் இல்லை. சுத்தமாகச் சின்னச் சின்னக் கோடுகள். ஆட்டம் முடியும்போது ஏகாம்பரத்தின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

“நீங்க ஜெயிச்சுட்டீங்க சார்! பத்துக் கட்டையும் சாய்ஞ்சா அந்தக் குறிதான் விழும்,” என்றார் பியூலா.

“ஆறுதல் வேணாம் மேடம். எங்களுக்கு மறுகூட்டல் வேணும். இல்லேன்னா இன்னொரு பரீட்சை வைங்க.”

மீசையைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பொன்னுரங்கம் துள்ளி எழுந்தார். “மாப்பிள்ளை சொல்றதுதான் நியாயம்! இன்னொரு ஆட்டம் வைங்க!”

இந்தத் தடவை அவரும் கூடத்தில் இருந்த ஒரு பாலிஷ் பந்தை எடுத்துக்கொண்டார். அவர் பெயருக்கு நேராகப் பெருக்கல் குறிகள் குவிந்தன. ஏகாம்பரத்தின் கட்சி ஒவ்வொரு பந்தையும் பயபக்தியோடு கால்வாயில் விட்டது. கடைசிவரை ஒரு தப்பு விழவில்லை. முடிந்ததும் மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இத்தனை தப்பு செய்த மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்ததால், குஞ்சிதபாதம் பொன்னுரங்கத்தின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

“ஆளுக்கு ஒரு ஆட்டம். சமம்,” என்று சொல்லிவிட்டு பியூலா விளக்கை அணைக்கப் போய்விட்டார்.

எல்லோரும் சலூனுக்கு நடந்தார்கள். சபையில் விட்ட வாக்கு. நாற்காலியில் யார் உட்காருவது என்று சலூன்காரர் கேட்டார். நல்லசிவம்தான் தீர்ப்புச் சொன்னார்: “ஆளுக்குப் பாதி தோத்திருக்கீங்க. ஆளுக்குப் பாதி மீசையை எடுத்துடுங்க.”

பொன்னுரங்கம் வேறொரு நாளாக இருந்தால் மறுத்திருப்பார். மத்தியானத்திலிருந்து இவர்களோடு இருந்த பாவம், அவருக்கும் அது நியாயமாகவே பட்டது. ஏகாம்பரத்துக்கு வலது பாதி போனது, பொன்னுரங்கத்துக்கு இடது பாதி.

கண்ணாடியில் பார்த்ததும் பொன்னுரங்கம் அழாத குறையாக நின்றார். “வீட்டுக்கு எப்படிப் போவேன் மாப்பிள்ளை?”

“கவலைப்படாதீங்க மச்சான். நாம சேர்ந்து நின்னா ஒரு முழு மீசை இருக்கே,” என்றார் ஏகாம்பரம்.

இதைக் கேட்டதும் எல்லோருக்கும் தெம்பு வந்துவிட்டது. அதை உடனே படம் பிடித்து வைத்துவிடலாம் என்று பக்கத்து ஸ்டுடியோவுக்குப் போனார்கள். மச்சானும் மாப்பிள்ளையும் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நின்றார்கள். ஆனால் இடம் மாறி நின்றுவிட்டதால், மீசைப் பாதிகள் இரண்டும் வெளிப்பக்கம் போய், நடுவில் வெட்டவெளியாக இருந்தது.

குஞ்சிதபாதம் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். “தப்பா நிக்கிறீங்க. அப்படியே திரும்பி நில்லுங்க.”

இருவரும் அப்படியே திரும்பி நின்றார்கள். போட்டோக்காரர் எடுத்துவிட்டார்.

அந்தப் படம் இப்போதும் ஏகாம்பரத்தின் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறது. இரண்டு முதுகு, இரண்டு பிடரி. துணி தைக்க வருகிறவர்கள் “மீசை எங்கே?” என்று கேட்டால், அவர் படத்தைக் கழற்றி அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறார்.