பிரேயரில் மறந்துபோன எருமைக் கதை

குரு என்றால் தாடியும் காவியும் இருந்தே ஆக வேண்டுமா என்ன? தலைமையாசிரியர் அருமைநாயகத்துக்கு வாய்த்த குரு, பள்ளிக்கு அடுத்த கட்டடத்தில் அங்கன்வாடி நடத்திய முத்தரசி. அவரைவிட இருபது வயது சின்னவள். அவள் ஒரு கதைப் புத்தகத்தை விரித்தால் போதும், அவருடைய பள்ளிப் பிள்ளைகளும் அங்கே போய் ஜன்னலைப் பிடித்துத் தொங்குவார்கள்.

அவர் பள்ளி அலமாரியிலும் நூறு கதைப் புத்தகங்கள் இருந்தன. தொடுவாரில்லை. பொறுத்துப் பார்த்தவர், ஒரு மாலை கௌரவத்தை ஓரமாக வைத்துவிட்டு அவளிடம் போனார்.

"எங்க பிள்ளைக ஏன் புத்தகமே எடுக்க மாட்டேங்குதுக, டீச்சர்?"

"முன்னாடி எடுத்தாங்களா சார்?"

"ஜூன்ல போட்டி போட்டு எடுத்தாங்க."

"எடுத்தா என்ன செய்யணும்?"

"பெரிசா ஒண்ணுமில்ல. மறுநாள் பிரேயர்ல மைக் முன்னாடி நின்னு கதையைச் சொல்லணும். கடைசியில நீதி சொல்லணும்."

"கடைசியா எடுத்தது யாரு?"

அவர் கொஞ்சம் இழுத்தார். "நாலாம் வகுப்பு இசக்கிப்பிரியா. மைக் முன்னாடி வாயே திறக்கல. படிக்காமலே படிச்சேன்னு பொய் சொல்றியான்னு கேட்டேன். புத்தகத்தை வாங்கி வச்சுட்டேன்."

"எல்லார் முன்னாடியுமா?"

"பிரேயர்லதானே."

முத்தரசி எழுந்து தன் புத்தக அடுக்கைத் துழாவினாள். விக்கல் பிடித்த ஓர் எருமையின் படக்கதையை எடுத்து நீட்டினாள். பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முட்டி இடிக்க உட்கார்ந்து படித்தார் மனுஷர். எருமை விக்கிய விக்கலில் குளத்துத் தண்ணீர் கரையேறிய இடத்தில் வாய்விட்டுச் சிரித்தும் விட்டார். இத்தனை வருஷ சர்வீஸில் தன் பள்ளி அலமாரிப் புத்தகம் ஒன்றையாவது பிரித்துப் பார்த்திருப்பாரா என்றால், இல்லை.

"பிடிச்சுதா சார்?"

"ரொம்ப."

"அப்ப நாளைக்குப் பிரேயர்ல நீங்களே சொல்லுங்க. நீதியோட."

இதென்ன பிரமாதம், முப்பது வருஷமாக மைக் பிடித்த கை என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை, எருமைக்கு விக்கல் வந்தது வரை நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் யார் வந்தது? நரியா, கொக்கா? நீதி என்ன? விக்கினால் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதா? நூற்றிருபது பிள்ளைகள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைக்கை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

இசக்கிப்பிரியா மட்டும் அவரைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். தனக்காக அந்தப் பிள்ளை கூசுகிறாள் என்று தெரிந்ததும் அவருக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அவளும் படித்துத்தான் இருந்தாள். தன்னைப் போலவே.

"கதை மறந்துபோச்சு. ஆனா படிச்சேன், நிஜமாவே படிச்சேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மத்தியானம் முத்தரசியின் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"என் மானம் போனது போகட்டும் டீச்சர். அந்தப் பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கிட்டேனே. நாளைக்குப் பிரேயர்லயே அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுரவா?"

"திரும்பவும் அவளை மைக் முன்னாடி நிறுத்தப் போறீங்களா சார்?"

அவரால் தலை நிமிர முடியவில்லை.

"பின்னே என்னதான் செய்ய?"

"தனியாக் கூப்பிட்டு மன்னிப்புக் கேளுங்க. நீங்க வாங்கி வச்ச அந்தப் புத்தகத்தை அவ கையில குடுங்க" என்றாள் முத்தரசி. "படிச்சியான்னு மட்டும் ஒருநாளும் கேட்டுராதீங்க."