வயிற்றின் பின்வாசலுக்கு வந்த பூசணன்

அந்தக் காலத்தில் வயிறும் குடலும் வாய்விட்டுப் பேசும். மருந்துகளுக்கும் கோபதாபம் உண்டு. பூஞ்சைக் குலத்தில் பிறந்த பூசணன் என்ற மருந்து அப்போதுதான் முதன்முதலாக ஒரு மனித வயிற்றுக்குள் குதித்தான்.

வயிற்றம்மாள் அழுதுகொண்டிருந்தாள். திருகாணி போல உடம்பை முறுக்கித் திரியும் திருகன் என்ற கிருமி, கூட்டத்தோடு அவள் தோலில் குடியேறியிருந்தான். புண் ஆழமாகிக்கொண்டே போனது. இன்னும் ஒரு விரற்கடை போனால் ஓட்டை விழும். பிறகு அவள் பிழைக்கமாட்டாள்.

அவள் காட்டிய இடத்தில் பூசணன் பாய்ந்தான். மேலே போர்த்தியிருந்த சளிப்போர்வை வழுக்கிவிட்டது. போதாததற்கு வயிற்று அமிலமான காவல்காரன் புளிப்பன் வந்துவிட்டான். வந்தவர் யார் என்று கேட்கும் வழக்கமே அவனுக்குக் கிடையாது. உள்ளே வந்ததெல்லாம் சோறு, கரைத்துவிட வேண்டியதுதான். உதவிக்கு வந்தவன் என்று அவள் கதறியும் அவன் காதில் ஏறவில்லை. பூசணனைப் பாதி கரைத்து, மீதியைக் குடலுக்குள் தள்ளிவிட்டான்.

பூசணனுக்குத் தலைகால் புரியவில்லை. புண் மேலே இருக்க, தான் கீழே போவது என்ன கூத்து? குடலிடம் வழி கேட்டான். அது அவனை உறிஞ்சி ரத்தத்தில் விட்டது. ஈரலில் ஓர் இடி, இதயத்தில் ஓர் உதை. கடைசியில் எங்கோ போய் நின்றான். விசாரித்தால் கால் கட்டைவிரலாம். அங்கே யாருக்கும் ஒரு நோவும் இல்லை. அவனுக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவள் அங்கே துடிக்கிறாள், இவன் இங்கே நகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"வயிற்றுக்கு எந்தப் பக்கம் போகவேண்டும்?" என்று ரத்தத்திடம் கேட்டான்.

"எனக்கென்ன தெரியும் அப்பா? நான் எல்லாப் பக்கமும் போவேன்."

வழி தெரியாதவன் என்ன செய்வான்? தன்னைத் தானே தூள்தூளாக உடைத்துக்கொண்டு எல்லா வழியிலும் போனான். கண்ணுக்குக் கொஞ்சம், காதுக்குக் கொஞ்சம். ஒரு பிடித் தூள் மட்டும் நூல் போன்ற ஒரு குழாயில் நுழைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அதே அழுகை கேட்டது. அது வயிற்றம்மாளின் முதுகுப்புறம்.

தூள் அங்கிருந்து அவள் தோலுக்குள் கசிந்தது. திருகன் முன்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான், பாவம். கூட்டத்தில் பாதி அங்கேயே விழுந்தது.

"ஒரு பிடி போதாது தம்பி," என்றாள் வயிற்றம்மாள். "உன் கூடப் பிறந்தவர்களையும் வரச் சொல்லு."

அவர்களும் நாள் தவறாமல் வந்தார்கள், ஒவ்வொருவரும் வழி தவறியே வந்தார்கள். புண் மூடியது. அவள் வயிறாரச் சிரித்தாள்.

அன்று முதல்தான் வயிற்றுப் புண்ணுக்கு விழுங்கிய மருந்து, வேளாவேளைக்கு, நாள் கணக்காக, கால் கட்டைவிரல் வரை அலைந்துவிட்டுப் பின்வாசல் வழியாக வயிற்றுக்கு வந்து சேர்கிறது; வழி மட்டும் அதற்கு இன்னும் தெரியாது.