மூன்று மாமன்கள் பின்னிய ஸ்வெட்டர்

ஆந்தைப்பாறை ஊர் மலை உச்சியில் இருக்கிறது. அங்கே பனிக்காலத்தில் மூளைகூட உறைந்துபோகும் என்று கீழே இருப்பவர்கள் சொல்வார்கள். வெள்ளையப்பன், காத்தமுத்து, சின்னாண்டி என்ற அண்ணன் தம்பி மூவருக்கும் வெயில் காலத்திலும் அப்படித்தான் இருந்தது.

ஒரு நாள் வத்தலக்குண்டில் வாக்கப்பட்ட தங்கச்சி அன்னக்கொடி போன் பண்ணினாள்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை நம்ம கோயில்ல பிள்ளைக்குக் காது குத்தணும். அந்தக் குளிர்ல தாய்மாமன் சீரா ஒரு ஸ்வெட்டர் இருந்தாத்தான் மேல வருவேன். இல்லேன்னா என் கொழுந்தன் மடியில உக்கார வச்சு இங்கேயே குத்திருவோம்."

மூன்று மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது கொழுந்தன் மடியா? வெள்ளையப்பன் நேராக டெய்லர் மரியபுஷ்பத்தக்காவிடம் ஓடி, அவள் வீட்டில் சும்மா கிடந்த ஸ்வெட்டர் பின்னும் மெஷினை நூலோடு இரவல் வாங்கிவந்தார். மகள் பிரசவத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்கா, ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

முதல் வரி: மெஷினை மேஜையில் வைத்துப் பூட்டவும்.

மெஷினை மேஜையில் வைத்தார்கள். வெளியே வந்து வீட்டைப் பூட்டினார்கள்.

இரண்டாவது வரி: வண்டியை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நூறு தடவை ஓட்டவும்.

காத்தமுத்து மொபெட்டை எடுத்தார். தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டினார். வெள்ளையப்பன் திண்டாடித் திண்டாடி எண்ணினார். நூறு ஆனதும் ஆசையாகப் பூட்டைத் திறந்து பார்த்தால், உள்ளே ஸ்வெட்டர் இல்லை. வெளியே பெட்ரோலும் இல்லை.

"மெதுவா ஓட்டியிருப்பே" என்றார் சின்னாண்டி.

வெள்ளையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவுக்கு போன் போட்டார். அக்கா கத்தினாள்: "அடப் பாவிகளா! மெஷின் மேல கைப்பிடி வச்சு ஒண்ணு இருக்கே, அதுதான் வண்டி. ஊசிகள்ல நூலை மாட்டி, அதை இடமும் வலமும் தள்ளணும். பின்னல் இறங்க இறங்க, கீழே கனமா எதையாவது தொங்கவிடுங்க. ஒண்ணு முக்கியம், நாக்கு திறந்தே இருக்கணும்..."

அதோடு லைன் கட்டாகிவிட்டது. ஊசி முனைக் கொக்கியை மூடித் திறக்கும் குட்டித் தகடு ஒன்று இருக்கும், அதைத்தான் அக்கா நாக்கு என்றாள். மூவரும் ஆழ்ந்து யோசித்தார்கள்.

"வாயைத் திறக்கலாம். நாக்கை எப்படிண்ணே திறக்கிறது?" என்று கேட்டார் சின்னாண்டி.

"நாக்குக்குக் கதவே வாய்தானடா. வாயைத் திறந்தா நாக்கைத் திறந்த மாதிரிதான்" என்றார் வெள்ளையப்பன்.

அப்படியே முடிவாயிற்று. இருநூறு ஊசியில் எத்தனையில் நூல் மாட்டுவது என்று அடுத்த கேள்வி வந்தது. சில ஊசிகளை மட்டும் விட்டுவிட்டால் அதுகள் மனசு கஷ்டப்படுமே என்று வெள்ளையப்பன் எல்லாவற்றிலும் மாட்டினார். வீட்டிலேயே கனமான பொருள் சின்னாண்டி. அவர் பின்னலைப் பிடித்துக்கொண்டு கீழே தொங்கினார். காத்தமுத்து தள்ளினார். மூவரும் வாயைப் பிளந்தபடி வேலை செய்தார்கள்.

வாயைப் பிளந்துகொண்டு எண்ணினால் எல்லா எண்ணும் "ஆ" என்றே வந்தது. நூறு எப்போது வந்தது, எப்போது போனது என்று யாருக்கும் தெரியவில்லை. நூல் தீர்ந்தபோது நிறுத்தினார்கள். இரண்டு பக்கமும் சேர்த்துத் தைத்துப் பார்த்தால், மேலும் கீழும் திறந்த, நெல் மூட்டை ஆறு கொள்ளும் கம்பளிச் சாக்கு ஒன்று கிடந்தது.

"பிள்ளை வளருவான்ல" என்றார் வெள்ளையப்பன். குரலில் தெம்பு இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பனி கொட்டியது. பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் காத்தமுத்துவுக்கு ஒரு கவலை வந்தது. "ஸ்வெட்டர் சில்லுன்னு இருக்குண்ணே. இதையா பிள்ளைக்குப் போடுறது?"

நியாயம்தான். சூடேற்றுவதற்காக மூவரும் அதற்குள் நுழைந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கிய அன்னக்கொடி கண்டது, ஒரு ஸ்வெட்டருக்கு மேலே மூன்று தலை, கீழே ஆறு கால்.

"என் பிள்ளைக்கு எங்கேண்ணே ஸ்வெட்டர்?"

"இதுதான் தாயி. சூடா இருக்கு. மேல வழியா விடு."

கூட வந்த கொழுந்தன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அன்னக்கொடிக்கு அழுகை வந்தது. ஆனால் குளிரில் நீலம் பாரித்து வீரிட்ட பிள்ளையை வேறு எங்கே வைப்பது? மேலே வழியாக விட்டாள். மூன்று தொப்பைக்கு நடுவில் போன பிள்ளை அழுகையை நிறுத்தி, ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனான்.

"சரி, நடங்க" என்றாள் அன்னக்கொடி.

கோயிலில் மூவரும் அப்படியே ஒரே மடியாக உட்கார்ந்தார்கள். வெள்ளையப்பனுக்குப் பெருமையில் கழுத்து நீண்டது. பார்வை மங்கிய ஆசாரி, கம்பியைத் தேய்த்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"ம்... காதைக் காட்டுங்க."

பெரியவர் சொல்லைத் தட்டலாமா? மூவரும் காட்டினார்கள்.

அன்றைக்கு அந்தக் கோயிலில் குத்தின காது மொத்தம் எட்டு. அழாமல் இருந்தது பிள்ளை மட்டும்தான்.