வெள்ளையடிக்காத வீடு

மடத்துக்கு வருகிறவர்கள் வாழைப்பழம் கொண்டுவருவார்கள், பூ கொண்டுவருவார்கள். கொஞ்சம் வசதியானவர்கள் அரிசி மூட்டை அனுப்புவார்கள். அங்கமுத்து மட்டும் கேஸ் கட்டைக் கொண்டுவருவார்.

அதை மடியில் வைத்துக்கொண்டுதான் தியானத்தில் உட்காருவார். கண் மூடியிருக்கும். கை மட்டும் கட்டின் நாடாவைத் தடவிக்கொண்டே இருக்கும்.

நில அளவைத் துறையில் அளவுச் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். அறுபத்தாறு வயது. மனைவி இறந்து ஏழு வருஷம். ஊருக்கு வெளியே பாறைக் கரட்டை ஒட்டி அவர் கட்டிய வீடு இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் கரட்டில் கல் குவாரிக்காரர்கள் கணக்கில்லாமல் வெடி வைத்ததில் வீட்டுச் சுவர்கள் எல்லாம் விரிசல் விட்டன. நஷ்டஈடு கேட்டுக் கேஸ் போட்டார். கேஸ் இன்னும் நடக்கிறது. அதாவது, வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக நடக்கிறது.

மடத்து அம்மாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரை அம்மா என்று கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். அங்கமுத்து அவர்களிலும் மூத்தவர்.

அன்று காலை எல்லோரும் போன பிறகும் அங்கமுத்து போகவில்லை. அம்மா முறத்தில் உளுந்தைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க ஐயா."

"கேஸை விட்டுடணுமா?"

"யாராவது விடச் சொன்னாங்களா?"

"இல்லை. பொண்ணுக்கு ஏழாம் மாசம் நடக்குது. வளைகாப்பு முடிஞ்சதும் தலைப்பிரசவத்துக்கு அப்பன் வீட்டுக்குத்தானே கூட்டிட்டு வரணும்? வீடு இருக்கிற லட்சணத்துல எப்படிக் கூட்டிட்டு வர்றது?"

"பூசிட்டுக் கூட்டிட்டு வாங்க."

"பூச முடியாதும்மா. ஒண்ணையும் தொடக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்காரு. கோர்ட்டுல இருந்து கமிஷனர் வந்து பார்க்கணும். அதுக்கு முன்னாடி பூசிட்டா ஆதாரம் போயிடும்."

கமிஷனர் என்றால் போலீஸ் கமிஷனர் இல்லை. கோர்ட்டு ஒரு வக்கீலை நியமித்து அனுப்பும். அவர் சேதத்தை நேரில் பார்த்து, அளந்து, படம் எடுத்து, அறிக்கை கொடுப்பார். கேஸ் நடத்தாத புண்ணியவான்களுக்கு இது தெரியாது. அங்கமுத்து தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுவார்.

"நீங்க விடச் சொன்னா விட்டுடுறேன்" என்றார்.

அம்மா விடச் சொல்வார் என்று நினைத்துத்தான் வந்திருந்தார். ஏன் விட முடியாது என்பதற்கு ஏழெட்டுக் காரணங்களும் கைவசம் வைத்திருந்தார்.

"வெடி வச்சது அவங்கதானே?"

"அவங்கதான்."

"அப்புறம் நீங்க எதுக்கு விடணும்? நடத்துங்க."

அங்கமுத்து கொண்டுவந்த காரணங்களெல்லாம் வீணாய்ப் போயின.

"அப்போ பொண்ணு?"

"மத்தியானம் வீட்டுக்கு வர்றேன். பார்த்துட்டுச் சொல்றேன்."

"எதைப் பார்க்கணும்?"

"எல்லாத்தையும்" என்றார் அம்மா.

அங்கமுத்து வேகமாக வீட்டுக்குப் போய்க் கூட்டினார். அம்மாவுக்கு மோர் கொடுக்க இன்னொரு டம்ளர் தேவைப்பட்டது. அது வீட்டில் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. கடைசியில் பரணில் ஒரு சாக்குக்குள் கிடைத்தது. கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

அம்மா தனியாகத்தான் வந்தார். வாசலில் நின்று வீட்டைப் பார்த்தார். ஆறு பொங்கல் போயிருந்தது. ஒரு பொங்கலுக்கும் அந்த வீட்டுக்கு வெள்ளையடிக்கவில்லை. நிலைக்கதவுக்கு மேலே ஒரு விரிசல் புறப்பட்டுக் கூரைவரை போயிருந்தது.

"இதுல இருந்து ஆரம்பிக்கலாமா?" என்றார் அம்மா.

அங்கமுத்து ஆரம்பித்தார். வாசல் விரிசல், கூடத்து விரிசல், அடுப்படி விரிசல். ஒவ்வொன்றுக்கும் நீளம், அகலம், தேதி. சங்கிலி பிடித்த கை. அளவு பிசகாது. விரிசலுக்குக் குறுக்கே சின்னச் சின்னக் கண்ணாடிச் சில்லுகளைச் சிமெண்ட் வைத்து ஒட்டியிருந்தார். விரிசல் பெரிதானால் சில்லு உடைந்துவிடும். மொத்தம் இருபத்து மூன்று சில்லுகள். ஒவ்வொரு விரிசலின் பக்கத்திலும் அவர் பென்சிலில் குறித்த தேதியும், சிவப்பு மையில் ஓர் எண்ணும் இருந்தன.

"தினமும் பார்ப்பீங்களா?"

"காலையில எந்திரிச்சதும் முதல் வேலை அதுதான். பார்த்துட்டுத்தான் பல்லு விளக்குவேன்."

"கடைசியா எது உடைஞ்சுது?"

"இந்த ஒன்பதாம் நம்பர். ரெண்டு வருஷம் முந்தி. அதுக்கப்புறம் குவாரியை மூடிட்டாங்க. பள்ளத்துல தண்ணி நிக்குது. இப்ப எதுவும் உடையறது இல்லை."

"உடையலைன்னு தெரிஞ்சா நிம்மதியா இருக்குமா?"

அங்கமுத்து யோசித்தார். "இருக்கணும்" என்றார்.

அம்மா அடுத்த சுவருக்குப் போனார்.

கூடத்தில் ஒரு வெற்று ஆணி இருந்தது. அதற்குக் கீழே சுவரில் சதுரமாக ஓர் இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது.

"இங்க என்ன இருந்துச்சு?"

"என் வீட்டுக்காரி படம். முதல் வெடியில விழுந்துடுச்சு. ஆணியும் ஆடுது. வேற ஆணி அடிக்கணும். சுவரைத் தொடக் கூடாதே. பீரோவுல வச்சிருக்கேன். திவசத்துக்கு எடுத்து நாற்காலியில சாய்ச்சு வச்சுக் கும்பிடுவேன்."

பிறகு அந்த முதல் வெடியைப் பற்றிச் சொன்னார். அது விரிசல்களின் வரிசையில் இல்லாதது. தானாக வந்தது.

"அன்னைக்கு வீட்டுல நான் ஒருத்தன்தாம்மா. சாப்பிட உட்கார்ந்தேன். டமார்னு ஒண்ணு. தட்டு தானா நகர்ந்துச்சு. வீடே ஒரு தூக்கு தூக்கி வச்ச மாதிரி இருந்துச்சு. ராசாம்பாள்னு கத்திட்டேன். அவ செத்து ஒரு வருஷம் ஆச்சு அப்போ. யாரைக் கூப்பிடறதுன்னு தெரியலை, வாயில அவ பேருதான் வந்துச்சு."

"கோர்ட்டுல இதைச் சொன்னீங்களா?"

"கூண்டுல ஏறி நின்னு சொல்ல ஆரம்பிச்சேன். அவங்க வக்கீல் எந்திரிச்சு, கேட்டதுக்கு ஆமா இல்லைன்னு மட்டும் சொல்லுங்க பெரியவரேன்னாரு. கல்லு வந்து விழுந்ததைக் கண்ணால பார்த்தீங்களான்னாரு. இல்லைன்னேன். வீடு கட்டி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சான்னாரு. ஆமான்னேன். அவ்வளவுதான். ஜட்ஜும் போகலாம்னுட்டாரு."

"இப்ப முழுசாச் சொல்லுங்க."

அம்மா தரையில் உட்கார்ந்துகொண்டார். அங்கமுத்து எதிரில் உட்கார்ந்தார். வெயில் தாழும்வரை சொன்னார். குவாரி முதலாளி வாசல்வரை வந்து சிரித்துவிட்டுப் போனது, தாலுகா ஆபீஸில் மனுவை வாங்காமல் அலைய விட்டது, சாட்சி சொல்வதாக இருந்த பக்கத்துக் காட்டுக்காரர் நிலத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டே போனது, எல்லாவற்றையும் சொன்னார். அம்மா நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. தனக்குப் பேச ஆளே இல்லாமல் போனது பேச ஆரம்பித்த பிறகுதான் அங்கமுத்துக்கு உறைத்தது. மோரைக் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

போன் அடித்தது. மகள் சுபாஷிணி. கல்யாணமாகி ஈரோட்டில் இருக்கிறாள். அங்கமுத்துக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

"ஆச்சும்மா. நீ?"

"ஆச்சு. அத்தை கேட்டுட்டே இருக்காங்கப்பா. பிரசவத்துக்கு இங்கயே இருந்துடுங்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்? கமிஷனர் வந்துட்டாரா?"

அங்கமுத்து அம்மாவைப் பார்க்கவில்லை. "இன்னும் வரலைம்மா. அடுத்த வாய்தாவுக்குள்ள வந்துடுவாரு."

"கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே இதைத்தான் சொல்றீங்க. எனக்கு அங்க வரணும்போல இருக்குப்பா. அம்மா இருந்த வீடு."

"வரலாம்மா. வராம என்ன?"

"சரிப்பா. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. இல்லைன்னா இங்கயே இருக்கேன்னு அத்தைகிட்ட சொல்லிடுறேன். மாத்திரையை மறந்துடாதீங்க" என்று வைத்துவிட்டாள்.

அங்கமுத்து போனைத் தரையில் வைத்தார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இந்தச் சிவப்பு நம்பர் யார் போட்டது?"

"ஒரு அடையாளத்துக்கு."

"தேதி எழுதியிருக்கிற கையெழுத்து உங்களுது. நம்பர் உங்க கையெழுத்து இல்லையே."

அங்கமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"கமிஷனர் போட்டது" என்றார்.

"எப்போ வந்தாரு?"

"மூணு வருஷம் ஆச்சு."

அவராகவே கேஸ் கட்டைப் பிரித்து அறிக்கையின் நகலை எடுத்து அம்மாவின் முன்னால் வைத்தார். இருபத்து மூன்று விரிசல்களும் அதில் இருந்தன. படங்கள் இருந்தன. கோர்ட்டு முத்திரை இருந்தது.

"வக்கீல் என்ன சொன்னாரு?"

"அறிக்கை பதிவாயிடுச்சு, இனிமே நீங்க பூசிக்கலாம், வெள்ளையடிச்சுக்கலாம், கேஸ் அது பாட்டுக்கு நடக்கும்னாரு."

"பொண்ணுகிட்ட ஏன் சொல்லலை?"

"முதல் தடவை கேட்டப்போ என்னமோ கமிஷனர் வரலைன்னு வாயில வந்துடுச்சு. அப்புறம் அதையே பிடிச்சுக்கிட்டேன். அவ இங்க வரணும்மா. வரக் கூடாதுன்னு எனக்கு என்ன? எத்தனை நாள் கொத்தனார் வீட்டு வாசல்வரைக்கும் போயிட்டுத் திரும்பியிருக்கேன் தெரியுமா? கூப்பிட வாய் வரலை." அவர் குரல் உடைந்தது. "பூசிட்டா நடந்ததே இல்லைன்னு ஆயிடும்மா. குவாரி மூடியாச்சு. முதலாளி வேற ஊருல வேற கரடு வாங்கிட்டான். எனக்கு நடந்துச்சுன்னு சொல்ல இந்தச் சுவரை விட்டா யார் இருக்கா? இதுதான் எனக்குச் சாட்சி."

அழுதார். அம்மா அவரை அழவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவராகவே நிமிர்ந்தபோது வெளியே மாட்டை ஓட்டிக்கொண்டு யாரோ போகும் சத்தம் கேட்டது.

"நீங்க சாட்சி சொல்லி முடிச்சதும் ஜட்ஜ் என்ன சொன்னாரு?" என்றார் அம்மா.

"அதான் சொன்னேனே. இறங்கிப் போகலாம்னாரு."

"இறங்கி எங்க போனீங்க?"

"வேற எங்க போவேன்? வீட்டுக்குத்தான்."

அம்மா எழுந்து சேலையை உதறிக்கொண்டார். வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"வீடு மூணு வருஷம் முந்தியே சாட்சி சொல்லிடுச்சு. அதை நீங்க இன்னும் கூண்டை விட்டு இறங்க விடலையே ஐயா. வீடே கூண்டுல நிக்கிறப்போ நீங்க எப்படி வீட்டுக்குப் போயிருக்க முடியும்?"