மூச்சைப் பிடித்த கரடி

"உனக்குத் தம் பத்தாது" என்று யாராவது சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கருப்பாயி என்ற தாய்க்கரடி என்ன செய்தாள் தெரியுமா?

அவள் இருந்த காட்டில் ஓடை வற்றிக்கொண்டே வந்தது. சித்திரை பிறந்தால் சொட்டுத் தண்ணீர் இருக்காது. அப்புறம் மொட்டைப் பாறையின் உச்சியில் இருக்கும் சுனைதான் கதி. கருப்பாயிக்கு இரண்டு சின்னக் குட்டிகள். இரண்டையும் முதுகில் சுமந்துதான் ஏற வேண்டும்!

மாசியிலேயே தனியாக ஏறிப் பார்த்தாள். பாதிப் பாறையில் கை நடுங்கியது. சர்ரென்று சறுக்கிக் கீழே வந்து உட்கார்ந்தாள்.

"உனக்குத் தம் பத்தாது அக்கா!" என்று சிரித்தது நரி.

உடனே கருப்பாயி ஓடையில் முகத்தை முக்கினாள். மூச்சை அடக்கிப் பழகினாள். பத்து நாள் இதே வேலை! பிறகு கன்னத்தை உப்பிக்கொண்டு, மூச்சே விடாமல் பாறை ஏறினாள். கண் இருட்டியது. இந்த முறை பாதிகூடப் போகவில்லை. தொப்!

பாறை இடுக்கிலிருந்து அவள் தோழி உடும்பு எட்டிப் பார்த்தது. "என்னடி, தவளை மாதிரி உப்பிக்கிட்டு?"

"தம் வேணுமாமே! அதான் மூச்சைப் பிடிச்சேன்."

"மூச்சை விடுடி, பாறையைப் பிடி! உன் கையில வலு இல்லை. ஒவ்வொரு பிடிக்கும் இருக்கிற வலுவெல்லாம் போட்டா பாதியிலேயே தீர்ந்துடாதா? வலு கூடினா, அதுல பாதி போதும் பிடி நிக்க. மிச்சம் உச்சிவரைக்கும் வரும்."

அன்றிலிருந்து கைக்கு வலு சேர்க்கக் கருப்பாயி மருதமரக் கிளையில் தொங்கினாள். முதலில் ஐந்து எண்ணுவதற்குள் விழுந்தாள். ஒருநாள் தொங்கினால் மறுநாள் கைக்கு ஓய்வு. பங்குனியில் ஒரு குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு தொங்கினாள். அப்புறம் இரண்டையும்! நடுநடுவே பாறையிலும் கொஞ்சம் ஏறி இறங்கினாள்.

"பாறை ஏறச் சொன்னா மரத்துல காய்க்குது பாரு!" என்றது நரி.

சித்திரை வந்தது. ஓடையில் சேறுதான் மிச்சம்.

"கெட்டியாப் பிடிச்சுக்கோங்கடா!" என்று குட்டிகளிடம் சொல்லிவிட்டு ஏறினாள் கருப்பாயி. பாதிப் பாறை வந்தது. கை நடுங்கவில்லை. முக்கால் பாறையில் லேசாக நடுங்கியது. நின்றாள். நன்றாக மூச்சு விட்டாள். மறுபடி ஏறினாள். இதோ சுனை! குட்டிகள் மூக்கு முழுகக் குடித்தன.

நெடுநேரம் தாக்குப்பிடிக்க நினைப்பவர், முதலில் வலுவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கருப்பாயி இறங்கி வந்தபோது நரி தன் குட்டியோடு நின்றது. குட்டிக்கு நாக்கு வறண்டு, நிற்கக்கூட முடியவில்லை.

"அக்கா, எனக்கு வேண்டாம். இவனை மட்டும் ஒரு நடை முதுகுல ஏத்திக்கோயேன்!"