மூன்றாம் பக்கம்

ஆய்வு மாணவி ஃபர்ஹானாவுக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. அதை நிறுத்தச் சொல்லும் புகார்க் கடிதத்தோடு கலியபெருமாள் காலையிலேயே ஆய்வகத்துக்கு வந்துவிட்டார். கடிதம் முதல்வர் அறைக்குப் போனால் அந்தப் பெண்ணின் ஐந்து வருட உழைப்பு போய்விடும்.

கலியபெருமாள் ஐம்பத்தொரு வயதில் ஆய்வுக்குச் சேர்ந்தவர். நெறியாளர் யூஜினா அவரைவிட எட்டு வயது இளையவர். மாணவர் மேடம் என்பார், ஆசிரியர் சார் என்பார். இதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து ஆய்வகமே ஓய்ந்துவிட்டது.

“அந்தப் பொண்ணு பொய் எழுதியிருக்கு மேடம். தங்கமும் பல்லேடியமும் கலந்த நானோ துகள்ல, பல்லேடியம்தான் மேற்பரப்புல இருக்காம். அதே துகளை நான் மூணு தடவை பார்த்தேன். மேல தங்கம்தான்.”

“எங்க வச்சுப் பார்த்தீங்க?”

“இதே கருவியிலதான்.”

யூஜினா கடிதத்தைக் கையில் வாங்கவில்லை. “இன்னொரு தடவை பார்த்துடலாம் சார்.”

மேற்பரப்பில் எந்த உலோகம் எவ்வளவு என்று கோடுகளாகக் காட்டும் அந்தக் கருவிக்குள் துகள்களை வைத்து, காற்றை முழுக்க வெளியேற்றிச் சூடாக்கினார்கள். திரையில் தங்கத்தின் கோடு உயர்ந்து நின்றது. கலியபெருமாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜெயித்த முகத்தில் வயதே தெரிவதில்லை.

யூஜினா கார்பன் மோனாக்சைடு வால்வைக் கொஞ்சம் திறந்தார். அரை மணி நேரத்தில் தங்கக் கோடு தாழ்ந்தது. பல்லேடியத்தின் கோடு எழுந்து அதைத் தாண்டிப் போனது.

“அந்த வாயுவுக்குப் பல்லேடியத்தைத்தான் பிடிக்கும். வெளியே இழுத்துடுச்சு,” என்றார் கலியபெருமாள், குரல் இறங்கி. தெரியாதவர் அல்ல. தோன்றவில்லை, அவ்வளவுதான்.

“வாயுவுல வச்சுத்தான் பார்த்தேன்னு அவ மூணாம் பக்கத்துல எழுதியிருக்கா சார்.”

எந்த ஆய்வேட்டைத் திறந்தாலும் நேரே படங்களுக்குப் போவது அவர் வழக்கம். மூன்றாம் பக்கத்தை அவர் படிக்கவே இல்லை. அவமானமாக இருந்தது. ஆனாலும் கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை.

“சரி மேடம். ஆனா நேத்து நான் கேட்டப்ப அது ஒரு வார்த்தை பேசல. தலையைக் குனிஞ்சுட்டு நின்னுச்சு. தப்பு பண்ணாத பொண்ணு ஏன் அப்படி நிக்கணும்?”

“எங்க வச்சுக் கேட்டீங்க?”

“செமினார் ஹால்ல.” கொஞ்சம் பொறுத்து, “எல்லாரும் இருந்தாங்க,” என்றார்.

யூஜினா வால்வை மூடினார். மணி இரண்டாகியிருந்தது.

“இப்ப வராந்தாவுல தனியாத்தான் உட்கார்ந்திருக்கா சார்.”